களம் எவ்வளவு, காடு எவ்வளவு?

(காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அரசுப் பள்ளி வளாகத்தைச் சீரமைப்பது பற்றிப் பெற்றோர் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. தறியை நிறுத்திட்டு, மில்லுக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கீங்க. நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

வரைபடத்தைப் பார்த்தேனுங்க. கட்டடம் நல்லாவே இருக்கு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. எனக்கு உறுத்தறது கட்டடத்துக்கு வெளியே சாம்பல் கலர் அடிச்சிருக்கற இடம். கேட்டுல இருந்து பின் மதில் வரைக்கும் அறுபது சென்ட், பூராவும் பேவர் பிளாக் கல்லு. கேட்டா, "சுத்தமா இருக்குமுங்க"ங்கறாங்க.

நம்ம ஊர்ல தேங்கா காயப்போடற களம் இல்லாத பக்கம் உண்டா? களத்துக்குச் சிமெண்ட் தரை எதுக்குப் போடறோம்? தேங்காப் பருப்புல மண்ணு ஒட்டக் கூடாது. அதோட, மேலே வெயிலும் கீழே தரையும் சேர்ந்து சுட்டாத்தான் பருப்பு சீக்கிரம் காயும். அந்தச் சூட்டுக்காகத்தான் காசு போட்டுக் களம் கட்டறோம். அதுக்காக வெள்ளாமை பண்ற காட்டையெல்லாம் யாராச்சும் களமாக்குவாங்களா? பங்குனி வெயில்ல பன்னெண்டு மணிக்குக் களத்துல வெறுங்காலோட நின்னு பாருங்க. அந்தத் தரையிலதான் நம்ம புள்ளைங்களைச் சாப்பாட்டுத் தட்டோட வரிசையில நிறுத்தப் போறோம்.

அடுத்தது தண்ணி. ஒரு சென்ட்டுங்கறது சுமார் 40 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழை பெஞ்சா, ஒரு சென்ட்டுல மட்டும் 2,000 லிட்டர் விழுகும். அறுபது சென்ட்டுக்கு 1,20,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கற தண்ணி லாரியில கணக்குப் போட்டா பத்து லாரி! நம்ம பக்கம் மழையே குறைச்சல். வர்றதும் ஐப்பசி, கார்த்திகையில நாலு நாள் கொட்டிட்டுப் போயிடும். பூராவும் கல்லு பதிச்சா அதுல முக்காவாசிக்கு மேல கேட்டைத் தாண்டி பள்ளத்து வீதிக்காரங்க வாசலுக்குப் போகும். அப்புறம் பள்ளிக்கூட போர்ல தண்ணி இல்லைன்னு மனு எழுதுவோம்.

"பேவர் இடுக்குல தண்ணி இறங்குமே"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. நல்ல கேள்வி. அடியில ஜல்லியும் மணலும் மட்டும் போட்டு, இடுக்கையும் அகலமா விட்டா ஓரளவு இறங்கும். ஆனா இந்த எஸ்டிமேட்டுல அடியில நாலு இஞ்ச் கான்கிரீட்டுன்னு இருக்கு. மேலே கல்லுக்கு நடுவுல இடுக்கு விட்டு, கீழே அதை அடைச்சு வெச்சா எங்கிருந்து இறங்கும்?

வளாகத்துல இருக்கற ரெண்டு வேப்ப மரத்தையும் வெட்ட மாட்டோம்னு சொன்னாங்க, சந்தோஷம். ஆனா தூருக்கு ஒட்டி கல்லு பதிக்கற மாதிரிதான் கோடு போட்டிருக்கு. டெல்லியில மரங்களைச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள இருக்கற கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013ல தேசிய பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட்டது. நான் இன்னும் கொஞ்சம் தாராளமா, கிளை நிழல் விழற அளவுக்கு மண்ணா விடச் சொல்லுவேன்.

அதுக்காகக் கல்லே கூடாதுன்னு சொல்ற கட்சியிலயும் நான் இல்லைங்க. சக்கர நாற்காலியில வர்ற புள்ளைக்கு மண்ணு அழகுன்னு பாடம் எடுக்க முடியாது. கேட்டுல இருந்து வகுப்புக்கும், வகுப்புல இருந்து கழிப்பறைக்கும் கெட்டித் தரை வேணும். சாய்தளம் ஓரடி ஏறணும்னா பன்னெண்டடி நீளமாவது இருக்கணும். படத்துல ஆறடிதான் இருக்கு, அதைத் திருத்தியே ஆகணும். சத்துணவுக் கூடத்து அம்மா கொதிக்கற சாம்பாரைத் தூக்கிட்டு நடக்கற வழி, தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்பற வழி, கொடிக்கம்பத்து முன்னாடி கொஞ்சம். இதையெல்லாம் கூட்டினாலும் இருபது சென்ட்டைத் தாண்டாதுங்க.

மீதி மண்ணாவே இருக்கட்டும். கபடிக்கு 13க்கு 10 மீட்டர், கோகோவுக்கு 27க்கு 16 மீட்டர்; ரெண்டும் சேர்ந்து பதினாலு சென்ட். பேவர்ல விழுந்தா முட்டி என்னாகும்னு விளையாடினவங்களுக்குத் தெரியும்.

சேறாகும், கொசு வரும்னு அம்மணிங்க பயப்படறது நியாயந்தான். ஆனா சேறு ஆகறது தண்ணி தேங்கறதால. கிராவல் கொட்டி ரோலர் விட்டு, நூறடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்து, தாழ்வான மூலையில மழைநீர்க் குழி எடுத்தா ராத்திரி பெஞ்ச மழை காலையில நிக்காது. கிழக்கு மூலை மட்டும் கரிசல். அங்கே தண்ணி சட்டுனு இறங்காது. அந்த இடத்துல மண்ணை மாத்தணும், இல்லைன்னா நடைவழியை அந்தப் பக்கம் கொண்டு போயிடலாம்.

டெண்டர் விடறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. விளையாட்டு வாத்தியார்கிட்ட சுண்ணாம்புத் தூள் இருக்கும். ஒரு வாரம் புள்ளைங்க எந்தெந்த வழியா நடக்கறாங்கன்னு பார்த்து அதுமேல கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு மட்டும் கல்லு போதும். அதுல மிச்சமாகற பணத்துல கழிப்பறைக்கு ஒரு தண்ணித் தொட்டி கட்டலாம். அந்தத் தொட்டியைப் படத்துல தேடிப் பார்த்தேன், காணலைங்க.