பதினெட்டு வயதில் ஒரு டென்னிஸ் மட்டை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில்தான் நான் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தேன். சிறு வயதிலிருந்தே ஆடி வருபவர்களுக்கு நடுவில் பதினெட்டு வயதில் போய் நிற்பது கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தை மறைக்கவே நாம் பந்தை ஓங்கி அடிக்கிறோம், அதுவும் வேலிக்கு வெளியே போய் விழுகிறது. முதல் மாதத்தில் நான் ஆடியதைவிடப் பந்து பொறுக்கியதே அதிகம்.

என் கையைவிட நான் நின்ற இடம்தான் பிழை என்பது பின்னர் புரிந்தது. ஆடுகளத்தின் நீளம் 78 அடி. புதிதாக வருபவர் அதன் கடைக்கோட்டில் நின்றுகொண்டு எதிர்க்கோடு வரை பந்தை அனுப்ப முயன்றால், முரட்டு பலத்தைத்தான் நம்பியாக வேண்டும். வலையிலிருந்து 21 அடி தள்ளியுள்ள சர்வீஸ் கோட்டருகே இருவரும் எதிரெதிரே நின்று மெல்லத் தட்டி, ஒரே பந்து எத்தனை முறை வலையைத் தாண்டுகிறது என்று எண்ணிப் பழகுவதே முதல் பாடமாக இருக்க வேண்டும். வழக்கமான பந்தைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு வேகம் குறைந்த ஆரஞ்சுப் பந்து கிடைத்தால் இன்னும் நல்லது. சிறுவர்களின் பந்து என்று அதைத் தொட மறுக்கும் மாணவர்கள் உண்டு. எனக்கு அது வறட்டுக் கௌரவமாகவே படுகிறது.

அடுத்தது கால். எதிராளியின் மட்டை பந்தைத் தொடப்போகும் கணத்தில் நம் இரு பாதங்களும் தரையைவிட்டுச் சற்றே எழும்பி இறங்கினால், எந்தப் பக்கம் ஓடுவதென்றாலும் உடல் ஆயத்தமாக இருக்கும். தோளைத் திருப்பி, மட்டையைத் தாழ்விலிருந்து மேல்நோக்கி வீசி, பந்தை உடலுக்கு முன்னால் சந்திப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குறுக்காக அடிப்பது ஏன் பாதுகாப்பு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வலை கம்பத்தருகே மூன்றரை அடி உயரம், குறுக்காகப் போகும் பந்து தாண்டும் நடுப்பகுதியில் மூன்றடிதான். மூலைக்கு மூலை அடித்தால், ஒற்றையர் ஆட்டத்தில்கூட, நான்கடிக்கு மேல் கூடுதல் நீளமும் கிடைக்கிறது.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அடியான சர்வீஸ்தான் எனக்குக் கடைசிவரை தண்ணி காட்டியது. பந்தை மேலே எறியும் கை நடுங்கினால், அடிக்கும் கை எவ்வளவு தேறியிருந்தும் பயனில்லை. எறிந்த பந்து கோணலாக எழும்பினால் அதை அடிக்காமல் விட்டுவிட்டு மீண்டும் எறியலாம்; மட்டையை வீசித் தவறவிட்டால் மட்டுமே அது பிழை. இந்த விதி தெரியாமல் ஒரு பருவம் முழுவதும், தலைக்குப் பின்னால் போன பந்துகளையெல்லாம் முதுகை வளைத்துத் துரத்தி அடித்துக்கொண்டிருந்தேன்.