மேபல் பெல்லின் பெருமை அறிவாற்றலே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் மனைவி மேபலின் பெருமைக்குக் காரணம் பொறுமையா, அறிவாற்றலா என்பது இன்றைய தலைப்பு. ஐந்து வயதில் ஸ்கார்லெட் காய்ச்சலால் செவித்திறனை இழந்தவர், இரண்டு ஆண் குழந்தைகளைப் பச்சிளம் பருவத்திலேயே பறிகொடுத்தவர், இரவெல்லாம் ஆய்வில் மூழ்கிக் கிடந்த கணவரோடு 45 ஆண்டுகள் வாழ்ந்தவர், ஆகவே அவர் பொறுமையின் வடிவம் என்று எதிரணித் தோழி உருக்கமாகப் பேசி அமர்ந்தார். அந்தத் துயரங்கள் உண்மை. ஆனால், பட்ட துயரத்தை மட்டும் எண்ணி ஒரு பெண்ணுக்கு மாலை சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேபல் உதட்டசைவைப் பார்த்தே பிறர் பேச்சை அறிந்தவர். அதைப் பழக்கத்தால் வந்த திறமை என்று தோழி கூறினார். நடுவர் அவர்களே, ப, ம ஆகிய இரண்டு எழுத்துகளுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. குரலை அடக்கிக்கொண்டு 'படம்', 'மடம்' என்று கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியாது. பேசுபவர் எதைப் பற்றிப் பேசுகிறார், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று மனம் முன்கூட்டியே ஓடினால்தான் பொருள் பிடிபடும். உதட்டைப் படிப்பதில் கண்ணின் பங்கு சிறிது, அறிவின் பங்கே பெரிது என்று 1895இல் மேபலே ஒரு கட்டுரையில் வாதிட்டிருக்கிறார். சைகை மொழியை ஒதுக்கிய அக்காலக் கல்விமுறை காது கேளாத பல பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தது என்பதையும், அதற்குப் பெல் பெருந்துணையாக இருந்தார் என்பதையும் நான் மறைக்கவில்லை; அந்த வருத்தம் எனக்கும் உண்டு. மேபலின் அறிவுக்கூர்மையை அது குறைத்துவிடாது.

1876 ஜூன் மாதத்துக்கு வாருங்கள். பிலடெல்பியாவில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி நடக்கிறது. மாணவர்களின் தேர்வு வேலை இருப்பதாகச் சொல்லி, பெல் அங்கே போக மறுக்கிறார். அப்போது மேபலுக்கு வயது 18; திருமணம் நிச்சயமாகியிருந்ததே தவிர, இன்னும் நடக்கவில்லை. பயணச்சீட்டை வாங்கி, பெட்டியையும் ஆயத்தம் செய்து, அவரைப் பாஸ்டன் ரயில் நிலையத்துக்கே அழைத்துச் செல்கிறார். பெல் அங்கேயும் மறுத்துப் பேசத் தொடங்கியதும், மேபல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதட்டைப் பார்க்காவிட்டால் ஒரு சொல்லும் அவருக்கு எட்டாது. பெல் ரயில் ஏறினார். பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ பெல்லின் தொலைபேசிக் கருவியைக் காதில் வைத்து வியந்தது அந்தக் கண்காட்சியில்தான். பொறுமைசாலி செய்யும் செயலா இது?

1877 ஜூலையில் நடந்த திருமணத்தின்போது, தொலைபேசி நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் பெல் மேபலுக்கே கொடுத்தார். அது காதல் பரிசு என்றார் தோழி, இருக்கட்டும்.

1907இல் நடந்ததை அவர் தொடவே இல்லை. பறக்கும் இயந்திரக் கனவோடு பெல்லைச் சுற்றி நான்கு இளைஞர்கள் கூடியிருந்தபோது, இவர்கள் முறையான ஒரு சங்கமாக இயங்கட்டும் என்று யோசனை சொன்னவர் மேபல். தம் சொந்தப் பணத்திலிருந்து முதலில் 20,000 டாலர் கொடுத்தவரும் அவரே. அந்தச் சங்கம் கட்டிய 'சில்வர் டார்ட்' விமானம், 1909 பிப்ரவரி 23 அன்று நோவா ஸ்கோஷியாவின் பேடெக் ஊரில், உறைந்த ஏரியின் மேல் எழுந்து பறந்தது. கனடாவில் இயந்திர விசையோடு பறந்த முதல் விமானம் அது. அந்தப் பணம் கணவர் தந்த பங்குகளால் வந்ததுதானே என்று எதிரணியினர் கேட்கக்கூடும். சங்கம் அமைக்கும் யோசனையை மேபலுக்குத் தந்தது யார் என்பதையும் அவர்களே இந்த அவைக்குச் சொல்லட்டும்.