கடுகுக்கீரையின் காரம் எப்போது பிறக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். விதை முளைத்து முதல் இலைகள் விரிந்ததுமே நறுக்கிச் சாப்பிடும் குட்டிக்கீரைதான் மைக்ரோகிரீன். எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் பல வருடமாகக் கடுகும் வெந்தயமும் தட்டில் வளர்கின்றன.

சின்ன வயதில் அஞ்சறைப்பெட்டியிலிருந்து கடுகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். கடிக்காதவரை சப்பென்று இருக்கும். கடித்தால் மூக்கில் சுள்ளென்று ஏறும். "தாளிச்ச கடுகுல மட்டும் ஏம்மா இது இல்ல?" என்று அம்மாவைக் கேட்பேன். "எண்ணெயில பொரிஞ்சா போயிடும்டா" என்பார். அம்மா சொன்னது சரிதான். அதன் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கடுகில் சினிகிரின் என்ற பொருள் ஓரிடத்தில் இருக்கிறது, மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்தில். கடிக்கும்போது இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் நொதி செத்துவிடுகிறது. ஆவக்காயில் பச்சைக் கடுகுப்பொடி ஏன் நெடி ஏற்றுகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

கடுகுக்கீரையிலும் இதே கதைதான். முள்ளங்கி, புரோக்கோலி முளைகளிலும் அப்படியே. திரும்பவும் சொல்கிறேன், இலை உடையும்போதுதான் அந்தக் காரப்பொருள் உண்டாகிறது. கொதிக்கிற சாம்பாரில் போட்டால் பெரும்பங்கு வீண். காலையிலேயே நறுக்கி வைத்தாலும் நெடி காற்றோடு போய்விடும்.

சரி, எப்படிச் சேமிப்பது? கழுவி ஈரத்தோடு டப்பாவில் அடைத்த கொத்தமல்லி என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இது அதைவிட மென்மை. முள்ளங்கி மைக்ரோகிரீனை ஆய்வாளர்கள் 1, 5, 10 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்த்தபோது 1 டிகிரியில்தான் நன்றாக நின்றது. நம் ஃப்ரிட்ஜ் அவ்வளவு குளிர்ச்சி கிடையாது. வெளிச்சத்தில் வைத்தால் வைட்டமின் சி கூடுகிறது, ஆனால் இலை சீக்கிரம் வாடுகிறது. அதனால் நான் நறுக்கி வைப்பதே இல்லை. தட்டோடு விட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு இலை போட்டதும் கத்தரிக்கோலால் வெட்டுகிறேன்.

அப்புறம் செரிமானம். நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். நன்றாக மெல்லுங்கள். மெல்லாமல் விழுங்கினால் காரப்பொருளை உண்டாக்கும் வேலை குடல் நுண்ணுயிர்கள் தலையில் விழுகிறது, அவற்றால் கொஞ்சம்தான் முடியும். கொத்தமல்லி மைக்ரோகிரீனில் நிறைய இருக்கும் லூட்டீன் என்ற நிறமி உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் போதும். இன்னொன்று, வேகவைத்த புரோக்கோலியில் பச்சைக் கடுகுப்பொடி தூவினால் இழந்த நொதி திரும்பக் கிடைக்கிறது. கோஸ் பொரியலை இறக்கி, சூடு ஆறியதும் மேலே ஒரு கைப்பிடி கடுகுக்கீரை தூவிப் பாருங்கள். வணக்கம்.