காட்டுவள்ளிக் கொடியும் கரையோர வேடரும்

வணக்கம் உறவுகளே. இலங்கையின்ர பழங்குடி மக்களான வேடர் எண்டா கனபேருக்குத் தம்பானை எண்ட வேடர் ஊர்தான் ஞாபகம் வரும். எங்கட திருகோணமலை மாவட்டத்திலயும் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கமெல்லாம் தமிழ் பேசுற கரையோர வேடர் இருக்காங்க. அவங்கட உடல்நலம் காட்டோட எப்பிடிப் பிணைஞ்சிருக்கு எண்டு ஒரு கிழங்க வச்சே சொல்றன்.

காட்டுவள்ளி. மாரி மழைக்குக் கொடி மரத்தில ஏறும். மழை விட்டு இலை மஞ்சளாகிக் காயேக்கதான் கிழங்குக்குள்ள மாச்சத்து நிறைஞ்சிருக்கும். பச்சைக் கொடியில தோண்டினா தண்ணிக் கிழங்குதான், பசி அடங்காது. கொடி முழுக்கக் காஞ்சு உதிர்ந்திட்டா இடமே தெரியாது. அதனால இலை இருக்கேக்கயே போய் இடத்தைப் பார்த்து வச்சிட வேணும்.

தோண்டேக்க கொடியைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, கிழங்கு முறிஞ்சு பாதி மண்ணுக்குள்ள நிண்டிடும். அலவாங்கைக் கொஞ்சம் தள்ளிக் குத்தி, பக்கத்து மண்ணை அள்ளி, கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்கணும். கொடியோட இருக்கிற தலைப்பகுதியைத் திரும்பக் குழிக்குள்ள வச்சு மூடணும். அடுத்த மாரிக்கு அதுதான் முளைக்கும். தலையையும் சேர்த்து எடுத்தா அந்த இடத்தில அந்தக் கிழங்கு முடிஞ்சுது. கசக்கிற, நாக்கு அரிக்கிற இனங்களும் இருக்கு. தெரிஞ்ச ஆள் காட்டாமச் சாப்பிடாதீங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. போன வருசம் எங்க தலையைப் புதைச்சம் எண்டு தெரிஞ்சவர்தான் இந்த வருசம் தோண்டலாம். அதுக்கு அதே காட்டுக்குள்ள வருசா வருசம் போய்வர வேணும். 2006 இல சண்டையால இந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க, நிவாரண அரிசி, கோதுமை மா, சீனிதான் சாப்பாடு. நடையும் போச்சு, கிழங்கும் தேனும் மூலிகையும் போச்சு. சின்னப் பிள்ளையளுக்கு இடங்காட்டிக் குடுக்கிற வருசங்களும் போச்சு. எனக்கு அதுதான் பெரிய இழப்பாப் படுது. கிழங்கு திரும்ப முளைக்கும், வழி காட்டின மூத்தவர் செத்திட்டா என்ன செய்யிறது?

2007 இல ஐக்கிய நாடுகள் சபை பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொள்ளேக்க இலங்கையும் ஆதரிச்சு வாக்களிச்சுது. அதில 24 ஆவது உறுப்புரை, மூலிகைகளைப் பாதுகாக்கிறதையும் சேர்த்து, பாரம்பரிய மருத்துவத்துக்கு உரிமை இருக்கு எண்டு சொல்லுது. மூலிகை நிக்கிறது காட்டில. அங்க போய்வர விடாம அந்த உரிமையை எப்பிடிக் குடுக்கிறது?

இந்தக் கிராமங்களில சுகாதார வேலை செய்யிறவங்க கேட்டா நான் சொல்றது இதுதான்: சீனி வியாதிக்குக் குளிசை குடுக்கேக்க, அவங்க கடைசியா எப்ப கிழங்கு தோண்டப் போனாங்க எண்டும் கேளுங்க. போகேல்ல எண்டா, ஏன் எண்டும் கேட்டு எழுதி வையுங்க.