சைலன்சரை மாற்றும் முன் இரண்டு எண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வேகமான கார் வைத்திருப்பவர்கள் எக்ஸாஸ்டை, அதாவது புகைக்குழாய் அமைப்பை மாற்ற நினைத்ததும் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "இரண்டரை இன்ச் பைப்பா, மூன்று இன்ச் பைப்பா?" நியாயமான கேள்விதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது அது அல்ல. அதற்கு முன்பு உங்கள் காரைப் பற்றி இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாமல் வாங்குகிற பைப், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், குத்துமதிப்பாக வாங்கியதுதான். காகிதம், பேனா எடுக்க வேண்டாம். மனக்கணக்கே போதும்.

முதல் எண், இப்போது காரில் இருக்கிற புகைக்குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் தேங்குகிறது என்பது. இதை அளப்பது எளிது. புகையின் நச்சைக் குறைக்கிற கன்வெர்ட்டருக்கு முன்னால், ஆக்ஸிஜன் சென்சார் திருகியிருக்கிற துளையில் ஓர் அடாப்டரைப் பொருத்துங்கள். அதிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாத உலோகக் குழாய், அதன் பிறகு ரப்பர் ஹோஸ், முனையில் ஒரு பார் வரை காட்டும் பிரஷர் கேஜ். பார் என்பது அழுத்தத்தின் அலகு. உலோகக் குழாய் எதற்கென்றால், புகையின் சூடு ரப்பருக்கு வருவதற்குள் தணிய வேண்டும். காரை, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டுத் திறனை அளக்கும் டைனோவிலோ மூடிய ஓட்டப்பாதையிலோ, முழு ஆக்ஸிலேட்டரில் உச்ச ஆர்பிஎம் வரை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளின் உச்சம் வரை கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கேஜைப் படிக்க இன்னொருவர் பக்கத்தில் உட்காரட்டும், ஓட்டுபவர் அதைப் பார்க்கக் கூடாது.

முள் 0.1 பாரைத் தாண்டவில்லை என்றால், டர்போ இல்லாத எஞ்சினில் அந்த எக்ஸாஸ்டை மாற்றிப் பெரிதாகக் குதிரைத்திறன் கிடைக்கப்போவதில்லை. சத்தம் மாறும், எடை குறையலாம், அதோடு சரி. 0.2, 0.3 என்று ஏறினால் எங்கோ அடைப்பு இருக்கிறது, வேலைக்கும் பலன் இருக்கிறது. அப்போதும் முழுவதையும் பிடுங்க அவசரப்படாதீர்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற சென்சார் துளையில் அதே கேஜை மாட்டி மறுபடி அளங்கள். முன்னால் 0.25, பின்னால் 0.22 என்றால் கன்வெர்ட்டர் மேல் குற்றம் இல்லை. தடை சைலன்சரிலோ, நசுங்கி வளைந்த ஒரு பெண்டிலோ இருக்கிறது. முன்னால் 0.25, பின்னால் 0.08 என்றால் கன்வெர்ட்டர்தான் அடைத்திருக்கிறது. அதை மாற்றாமல் பின்னால் எத்தனை பெரிய பைப் போட்டாலும் பயன் இல்லை.

இப்படிக் குழாயில் தேங்குகிற அழுத்தத்துக்குப் பெயர் எதிரழுத்தம். எஞ்சினுக்கு அது கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் இழுவை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். எதிரழுத்தத்தால் எஞ்சினுக்கு எந்த நன்மையும் இல்லை. எஞ்சினுக்கு வேண்டியது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியேறும் புகை தன் பின்னால் அழுத்தக் குறைவை உண்டாக்கி, அடுத்த சிலிண்டரைக் காலிசெய்ய உதவுகிறது. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகையை வாங்கிச் சேர்க்கிற ஹெடரின் தனித்தனிக் குழாய்களை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் அந்த வேகம் செத்துப்போகும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். அதைப் பார்த்துத்தான் எதிரழுத்தம் குறைந்ததால் இழுவை போயிற்று என்று சொல்லிவிடுகிறார்கள். டர்போ எஞ்சினில் கதையே வேறு. புகை சுழற்றுகிற டர்பைனுக்குப் பின்னால் எவ்வளவு தாராளமாக வழி விடுகிறோமோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது எண்ணுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே பேசப்போகிறேன், ஏனென்றால் ஆசைப்பட்டுப் போட்ட எக்ஸாஸ்டைச் சில மாதங்களில் கழற்ற வைப்பது இதுதான். நெடுஞ்சாலையில், கடைசி கியரில், நீங்கள் வழக்கமாகப் போகிற வேகத்தில் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் முள் எங்கே நிற்கிறது? அதுதான் இரண்டாவது எண்.

புது சைலன்சர் போட்ட காரில் அந்த ஆர்பிஎம்மில் காதை அடைக்கிற மாதிரி ஒரு கனத்த ரீங்காரம் கேபினுக்குள் நிற்கும். வெளியே நிற்பவருக்கு அது இனிமையான உறுமல். உள்ளே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி. அது என்ன சுருதியில் வரும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் என்றால் ஆர்பிஎம்மை 30 ஆல் வகுங்கள். ஆறு சிலிண்டர் என்றால் 20 ஆல். எட்டு சிலிண்டர் என்றால் 15 ஆல். வருவது ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர், 3000 ஆர்பிஎம், அப்படியானால் 100 ஹெர்ட்ஸ். மறுபடி சொல்கிறேன்: நான்குக்கு 30, ஆறுக்கு 20, எட்டுக்கு 15. எல்லாச் சிலிண்டரின் புகையும் ஒரே குழாயில் சேரும் கார்களுக்கு இந்தக் கணக்கு. வி வடிவ எஞ்சினில் இரு பக்கமும் கடைசிவரை தனித்தனிக் குழாயாகப் போனால், ஒவ்வொரு குழாயிலும் பாதிச் சிலிண்டர்களின் துடிப்புதான் போகும், சுருதியும் இறங்கும். நடுவில் எக்ஸ் வடிவ இணைப்பு வைப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

இந்தத் தாழ்ந்த சுருதியைக் கண்ணாடி இழை அடைத்த நேர்வழிச் சைலன்சர் ஏன் தடுப்பதில்லை? சூடான புகையில் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஐந்து மீட்டருக்குக் கிட்டே நீளம். சைலன்சரோ அரை மீட்டர். கீச்சென்ற சத்தங்களை அந்த இழை விழுங்கிவிடும், நீண்ட அலை கடந்து போய்விடும். கம்பெனி சைலன்சருக்குள் இருக்கிற அறைகளும் குறுக்குத் தகடுகளும் இந்தச் சுருதிகளுக்காகவே அளந்து வைக்கப்பட்டவை. அதை எடுத்துவிட்டு நேர்வழிச் சைலன்சர் வைக்கும்போது அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போகிறது. அப்புறம் இன்னொரு நேர்வழிச் சைலன்சரைச் சேர்த்தாலும் ரீங்காரம் அதிகம் குறையாது.

குறைக்கிற வழி ஒன்று உண்டு. மெயின் பைப்பின் பக்கவாட்டில், ஒரு முனை அடைத்த கிளைக்குழாயை வெல்ட் செய்வது. அலை அதற்குள் போய், அடைத்த முனையில் மோதித் திரும்பி வருவதற்குள் அரைச் சுற்று தாமதமாகிறது. அதனால் மெயின் பைப்பில் வரும் அலைக்கு நேர் எதிராக நின்று அதை அழிக்கிறது. நீளம் அலையில் கால் பங்கு. கணக்கு சுலபம்: 120 ஐ ஹெர்ட்ஸால் வகுங்கள், மீட்டரில் நீளம் வந்துவிடும். 100 ஹெர்ட்ஸுக்கு 1.2 மீட்டர். 90 ஹெர்ட்ஸுக்கு 1.33 மீட்டர். எட்டு சிலிண்டர் 2100 ஆர்பிஎம் என்றால் 140 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய 86 சென்டிமீட்டர்.

அந்த 120 என்பது புகை 300 டிகிரி செல்சியஸில் இருந்தால் வருகிற எண். கிளைக்குள் புகை ஓடாமல் தேங்கி நிற்பதால் அங்கே சூடு குறைவாக இருக்கும், சூடு குறைந்தால் ஒலியின் வேகமும் குறையும், சரியான நீளமும் குறையும். 200 டிகிரிக்கு 120 க்குப் பதில் 109. அதனால் முதலில் நீளமாகவே வெட்டி, முனையில் நகர்த்தக்கூடிய மூடி ஒன்றைக் கிளாம்ப் போட்டு வையுங்கள். ஓட்டிப் பாருங்கள், இரண்டு இரண்டு சென்டிமீட்டராக உள்ளே தள்ளுங்கள். ரீங்காரம் அடங்குகிற இடத்தில் வெல்ட் வையுங்கள். ஓட்டுபவரின் தலைக்குப் பக்கத்தில் ஒரு கைபேசியில் ஒலி அலைவரிசை காட்டும் செயலியைத் திறந்து வைத்தால் எந்த ஹெர்ட்ஸ் தூக்கி நிற்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கிளையின் விட்டம் மெயின் பைப்புக்குச் சமமாக இருந்தால் நல்லது, மெலிந்தால் பலன் குறையும். வால் முனைக்கு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள், அங்கே அலையின் அழுத்தம் மிகக் குறைவு. அடைத்த முனை சற்று உயர்ந்து இருக்கட்டும், தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்காது.

இப்போதுதான் பைப்பின் விட்டம். பொதுவான அளவுகோல் இது: 250 குதிரைத்திறன் வரை ஒற்றை இரண்டரை இன்ச் தாராளம். 400 வரை மூன்று இன்ச். அதற்கு மேல் இரட்டைக் குழாய். இரண்டரையிலிருந்து மூன்றுக்குப் போனால் விட்டத்தில் கூடுவது அரை இன்ச்தான், ஆனால் புகை போகிற குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 45 சதவீதம் கூடுகிறது. தேவைக்கு மேல் போனால் வருவது எடை, சத்தம், தரையில் உரசல். புகை பின்னால் போகப்போகக் குளிர்ந்து சுருங்குகிறது. எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டில் 800 டிகிரியாக இருந்தது வால் பக்கத்தில் 400 ஆகிவிட்டால், கனஅளவு ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். இடம் நெருக்கமாக இருந்தால் பின்பகுதியில் பைப்பைச் சற்றுச் சிறிதாக்கலாம். வளைவுகளை மட்டும் உள்ளே அச்சுக் கொடுத்து வளைத்த மாண்ட்ரல் பெண்டாக வாங்குங்கள். அமுக்கி வளைத்த பெண்டில் மூன்று இன்ச் பைப்பும் வளைவில் குறுகிவிடும்.

கார் லிஃப்டில் இருக்கும்போது சக்கரங்கள் தொங்கும். தரையில் நிற்கும்போது ஆக்ஸில் மேலே ஏறிவிடும். இரண்டு நிலையிலும் இடைவெளியை அளந்த பிறகே பைப்பை வெட்டுங்கள். பாடிக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் விடுங்கள். பிரேக் லைன், பெட்ரோல் டேங்க் பக்கம் அதைவிடக் கூடுதலாக விட்டு, வெப்பத் தடுப்புத் தகடும் வையுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது. மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீடிக்கும், ஆனால் சூட்டில் நன்றாக விரியும். இரண்டரை மீட்டர் பைப் 400 டிகிரி சூடேறினால் 17 மில்லிமீட்டர் நீளும். அதனால் முன்பக்கம் வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப்பும், ரப்பர் ஹேங்கர்களும் கட்டாயம். எல்லா இணைப்பையும் காரிலேயே பொட்டு வெல்ட் வைத்துப் பிடித்து, கழற்றி வெளியே வைத்து முழு வெல்ட் செய்யுங்கள். காரில் வெல்ட் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். டிக் (TIG) வெல்டிங் செய்யும்போது பைப்புக்குள்ளும் ஆர்கான் வாயு ஓட வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்துவிடும். சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். சென்சாரைப் படுக்கைவாட்டுக்கு மேல் 10 டிகிரியாவது சாய்த்து வையுங்கள், தண்ணீர் தேங்கினால் அது உடையும். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் பைப்போடு ஓட்டவே வேண்டாம், பல நாடுகளில் அது சட்டவிரோதம். வால் முனை பம்பரைத் தாண்டி வெளியே நிற்கட்டும், கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரக் கூடாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால் பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். சில நாள் ஓட்டிச் சூடேறி ஆறிய பிறகு எல்லாக் கிளாம்பையும் மறுபடி முறுக்குங்கள். வணக்கம்.