பல் சுத்தம் செய்பவருக்கு ஒரு பணியிடம்

நேயர்களுக்கு வணக்கம். பல்லில் படிந்த காறையை எடுக்க நாம் பல் மருத்துவரிடம்தான் போகிறோம். இன்டர்ன்ஷிப்போடு ஐந்து வருடம் பி.டி.எஸ். படித்தவர் உட்கார்ந்து சுரண்டுகிறார். இதற்கென்றே டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று தனியாக ஒரு தொழில் உண்டு. நம்மில் பலர் அவர்களைப் பார்த்ததே இல்லை. ஆனால் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே, பற்களைச் சுத்தம் செய்பவர், பல் சுகாதாரம் சொல்லித்தருபவர் என்று அவர்களை வரையறுத்து, தனிப் பதிவேடும் வைக்கச் சொன்னது. இரண்டு வருடப் படிப்பும் இருக்கிறது.

சரி, படித்தவர்கள் எங்கே போனார்கள்? தனியார் கிளினிக்கில் இவர்களை வைத்துக்கொள்ள அவசியம் வருவதில்லை. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். புதிதாக வெளிவரும் டாக்டரே குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும்போது ஹைஜீனிஸ்ட் எதற்கு? அந்த டாக்டர்களும் நகரத்தில்தான் குவிகிறார்கள். கிராமத்தில் இரண்டு பேருமே இல்லை.

இந்தத் தொழில் பிறந்த விதமே வேறு. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906-இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913-இல் வகுப்பே தொடங்கினார். படித்து முடித்தவர்களில் பலரை அந்த ஊர்ப் பள்ளிகளே பிள்ளைகளின் பல்லைப் பார்க்க அழைத்துக்கொண்டன.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் இருந்த நிலையைப் பார்த்து அரசே திகைத்துவிட்டது. 1921-இல் தாமஸ் ஹன்டர் தலைமையில் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி தொடங்கியது. இவர்கள் பள்ளிப் பல் செவிலியர்கள்; சொத்தைப் பல்லை அடைக்கவும் கற்றவர்கள். பயிற்சி முடிந்ததும் பள்ளியிலேயே கிளினிக். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'கொலை வீடு'! பெயர் என்னவோ பயங்கரம்தான். ஆனால் சிறிய ஊர்ப் பிள்ளைக்கும் பல்லைப் பார்க்க ஓர் ஆள் கிடைத்தார். பயிற்சியும் பணியிடமும் அங்கே ஒன்றாகவே திட்டமிடப்பட்டன. நாம் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. 2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்குப் போகின்றன. பரிசோதிக்க வேண்டியவற்றில் பல் கோளாறும் ஒன்று. அந்தக் குழுவுக்கான அமைப்பில் ஆயுஷ் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் எல்லோரும் உண்டு. ஹைஜீனிஸ்ட் இல்லை. முதலில் அங்கே ஒரு பணியிடம் உருவாக்கலாம். அந்தந்த மாவட்டத்துப் பிள்ளைகளையே படிக்க வைத்து அதில் சேர்க்கலாம். மேற்பார்வை பல் மருத்துவருடையதாகவே இருக்கட்டும். நன்றி, வணக்கம்.