செயலி தயார், பயனர் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

தனியாகவோ இரண்டு மூன்று நண்பர்களோடு சேர்ந்தோ கைபேசிச் செயலி உருவாக்குபவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பகலில் ஓ.எம்.ஆர். சாலை மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை, இரவில் சொந்தச் செயலி என்று இருப்பவர்கள் உண்டு. கல்லூரி இறுதியாண்டில் திட்டப்பணியாகத் தொடங்கியதைக் கைவிட மனமில்லாமல் தொடர்பவர்கள் உண்டு. சம்பள வேலையை விட்டுவிட்டு இறங்கியவர்களும் உண்டு. நிரல் எழுதுவது இவர்களுக்குக் கைவந்த கலை. எழுதி முடித்ததை யார் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற இடத்தில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இன்றைய என் பேச்சு அதைப் பற்றியதே.

ஆப்பிளின் செயலிக் கடையான ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறக்கப்பட்டபோது அதில் இருந்தவை ஏறத்தாழ 500 செயலிகள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு மார்க்கெட்தான் 2012-இல் கூகுள் ப்ளே என்று பெயர் மாறியது. அந்தத் தொடக்க நாட்களில் கடையில் ஒரு செயலியை வைத்தாலே நாலு பேர் கண்ணில் பட்டது. இன்று இரண்டு கடைகளிலும் தலைக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட செயலிகள் குவிந்து கிடக்கின்றன. ஆனாலும் முதன்முறையாகச் செயலி வெளியிடுபவர் 2008-ஆம் ஆண்டின் நம்பிக்கையோடுதான் வருகிறார். கடையில் ஏற்றிவிட்டால் மக்கள் தேடி வருவார்கள் என்று காத்திருக்கிறார். பெயர் தெரிந்த செயலியைத் தேடி எடுப்பதற்குக் கடை நல்ல இடம். பெயர் தெரியாத ஒன்றை அங்கே யாரும் போய்த் துழாவிக்கொண்டிருப்பதில்லை. உங்கள் செயலி யாருக்குத் தேவையோ அவர்கள் வேறெங்கோ ஏற்கெனவே தினமும் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது செயலி எழுதுவதைப் போலவே ஒரு வேலை, அதைச் செயலி எழுதத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

எனக்குத் தெரிந்த அம்பத்தூர்ப் பெண் ஒருவர் தையற்காரர்களுக்காகச் செயலி உருவாக்கினார். தையற்கடை அளவு நோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்தில் பெயர், தோள், மார்பளவு, கை நீளம், கழுத்து இறக்கம், கொடுக்க வேண்டிய தேதி எல்லாம் எழுதி, வெட்டிய துணியிலிருந்து ஒரு துண்டை அதிலேயே குண்டூசியால் குத்தி வைத்திருப்பார்கள். அந்த நோட்டு தொலைந்தால் கடையே நின்றுவிடும். அளவையும் துணியின் படத்தையும் ஒன்றாகச் சேமித்து, தேதி நெருங்கும்போது நினைவூட்டுகிற செயலி அது. குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஸ்மார்ட் மெஷர்மென்ட் மேனேஜர்'. அப்படி ஒரு பெயரைத் தேடுகிற தையற்காரர் புரசைவாக்கத்திலும் இல்லை, பாடியிலும் இல்லை.

பெயரை மாற்றிய பிறகும் ஆட்கள் வரவில்லை. தோழி ஒருவர் சொன்னதன் பேரில் அவர் கடைத்தெருவுக்குப் போனார். தையற்கடைகளுக்கு அல்ல, லைனிங் துணி, நூல், பட்டன், ஜிப், கொக்கி விற்கிற கடைக்கு. சுற்று வட்டாரத்துத் தையற்காரர்கள் அனைவரும் வாரத்தில் சில முறையாவது நூலின் நிறத்தைப் பொருத்திப் பார்க்க அங்கே வந்தாக வேண்டும். கல்லாப் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டையை வைக்கக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அதைவிட முக்கியமாக, அங்கே ஒரு மாலை நேரம் நின்று பார்த்ததில் செயலியின் கோளாறு அவருக்குத் தெரிந்தது. ஆர்வத்தோடு நிறுவியவர்கள் முதல் திரையிலேயே நின்றுவிட்டார்கள். அது மின்னஞ்சல் முகவரி கேட்டது. அவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. கைபேசி எண் கொடுத்தால் ஓ.டி.பி. வந்தது, ஆனால் கடை எண்ணுக்குரிய கைபேசி முதலாளியோடு வீட்டில் இருந்தது. தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்டவுடன் ஒரு பெரியவர் அங்கேயே செயலியை அழித்துவிட்டார். பதிவு செய்யாமலே முதல் 20 வாடிக்கையாளர்களின் அளவைச் சேர்க்கலாம் என்று மாற்றியதும்தான் செயலி கடைகளில் தங்கியது.

வெளியிடும் காலத்தையும் அங்கிருந்துதான் அவர் கற்றுக்கொண்டார். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் தையற்காரரிடம் புதிதாக ஒன்றைக் காட்டினால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். புது ஆர்டர் எடுப்பதையே நிறுத்தியிருப்பார். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் அதே ஆள் உட்கார வைத்துப் பேசுவார். மருந்துக்கடை, மாவு அரைக்கும் கடை, டியூஷன் நடத்துபவர், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் என்று யாருக்குச் செயலி செய்தாலும், அவர்களுக்கு ஓய்வான மாதம் எது என்று தெரியாமல் வெளியீட்டுத் தேதியைக் குறிக்காதீர்கள்.

இப்போது, பலரும் சலித்துக்கொள்ளும் விதி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுள் ப்ளேயில் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், செயலியைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன், அழைக்கப்பட்ட சிலர் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் மூடிய சோதனை நடத்தியாக வேண்டும். முதலில் 20 சோதனையாளர்கள் வேண்டும் என்றார்கள். பின்னர் அதை 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். கணக்கு தொடங்க ஒருமுறை செலுத்தும் 25 டாலரைப் புரட்டுவதைவிட இந்த 12 பேரைத் திரட்டுவது கடினம் என்று புலம்பாதவர் குறைவு. அதனால் டெலிகிராம் குழுக்களில் பண்டமாற்று நடக்கிறது. உன் செயலியை நான் நிறுவுகிறேன், என்னுடையதை நீ நிறுவு என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து இருவரும் அழித்துவிடுகிறார்கள். விதி நிறைவேறிவிடுகிறது, ஆனால் தையல் இயந்திரத்தைத் தொட்டே பார்க்காத 12 பேர் தையற்காரர் செயலியைச் சோதித்ததாக ஆகிறது. இதைவிடப் பெரிய வீண்செலவு எனக்குத் தெரியவில்லை. அந்த 12 பேரையும் உங்கள் செயலி யாருக்காகவோ அவர்களிலிருந்தே பிடியுங்கள். அப்படி 12 பேரைப் பிடிக்கவே முடியவில்லை என்றால், அடுத்த 1,200 பேர் எங்கிருந்து வருவார்கள் என்று அப்போதே யோசித்துவிடுவது நல்லது.

கடைப் பக்கத்தைப் பொறுத்தவரை சில அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ப்ளே ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்துக்குறிகள், சுருக்க விளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4,000. ஆப் ஸ்டோரில் பெயருக்கு 30, துணைத் தலைப்புக்கு 30. தமிழில் எழுதும்போது இந்த இடம் எதிர்பார்ப்பதைவிட விரைவாகத் தீர்ந்துவிடும், ஏனெனில் கணினி உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'தையல் அளவு' என்பது கண்ணுக்கு ஆறு எழுத்தும் ஓர் இடைவெளியும். கணினிக் கணக்கில் அது 10. ஆகவே பெயரின் முதல் இரண்டு சொற்களிலேயே வேலை என்ன என்பது தெரிந்துவிட வேண்டும். படங்களுக்கு மாதிரித் தகவல் போடும்போது 'யூசர் ஒன்று, யூசர் இரண்டு' என்று விட்டுவிடாமல், கடையில் உண்மையில் இருக்கக்கூடிய பெயரையும் அளவையும் தேதியையும் போடுங்கள். ப்ளே ஸ்டோரில் விளக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகப் பதியலாம். தமிழ்ப் பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்புக்கு விட்டுவிட்டுப் போகிறவர்கள் தங்கள் முதல் வாடிக்கையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

செயலி அடிக்கடி முடங்கினால் விளம்பரம் எதுவும் உதவாது. இது அறிவுரை மட்டும் அல்ல, கூகுளின் விதியும் கூட. ஒரு நாளில் செயலியைப் பயன்படுத்துவோரில் 1.09 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அது முடங்குவதைக் கண்டாலோ, 0.47 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அது பதிலளிக்காமல் உறைந்து நிற்பதைக் கண்டாலோ, ப்ளே ஸ்டோர் அந்தச் செயலியைக் கண்ணில் படும்படி காட்டுவதைக் குறைக்கக்கூடும். குறிப்பிட்ட ஒரு கைபேசி மாடலில் மட்டும் அந்த அளவு 8 சதவீதத்தைத் தாண்டினால், அந்த மாடல் வைத்திருப்பவருக்குக் கடைப் பக்கத்திலேயே எச்சரிக்கை காட்டப்படலாம். உங்கள் மேசையில் இருக்கும் புதுக் கைபேசியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். உங்கள் பயனர் வைத்திருப்பதோ, இடமின்றி நிரம்பிய, நான்கு வருடம் பழையதாகிய ஒன்றாக இருக்கலாம். ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய மாடல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது விளம்பரத்துக்குக் கட்டும் பணத்தைவிடப் பயன் தரும்.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பணம் கட்டி நிறுவல்களை வாங்கலாம், கட்டுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். நிறுவியவர்கள் அடுத்த வாரமும் திறக்கிறார்கள் என்று கண்ட பிறகு வேண்டுமானால் சிறு தொகையில் முயன்று பார்க்கலாம். அதற்கு முன் வேண்டாம். மாற்றுக் கடைகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர் தமிழ் உள்ளிட்ட 12 இந்திய மொழிகளில் இயங்குகிறது. நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் திறந்துவிட்டு, கட்டற்ற மென்பொருளாக வெளியிடுபவர்களுக்கு எஃப்-ட்ராய்டு என்ற கடை இருக்கிறது. அதன் பயனர் கூட்டம் சிறியது, ஆனால் குறை கண்டால் விவரமாக எழுதி அனுப்புகிற கூட்டம்.

செயலி உருவாக்காத நேயர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நீங்கள் தினமும் பயன்படுத்தும் சிறு செயலி ஒன்று, தேவாரம் படிக்கவோ, வீட்டுக் கணக்கு எழுதவோ, இரத்த அழுத்த அளவைக் குறித்துவைக்கவோ உதவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பற்றிக் கடையில் இரண்டு வாக்கியம் தமிழில் எழுதுங்கள். 'சூப்பர்' என்று மட்டும் எழுதினால் உருவாக்கியவருக்கு மகிழ்ச்சி கிடைக்கும், அடுத்து வருபவருக்கு ஒன்றும் தெரியாது. எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள், எந்தக் கைபேசியில், எது பிடிக்கவில்லை என்று எழுதினால் இருவருக்குமே உதவும். குறை எழுதத் தயங்க வேண்டாம்; அவர் பதில் எழுதலாம், சரிசெய்ததும் நீங்கள் நட்சத்திரத்தை மாற்றிக்கொள்ளலாம். உருவாக்குபவர்களுக்கு ஒரு சொல்: ஐபோனில் மதிப்பீடு கேட்கும் பெட்டியை ஒருவருக்கு 365 நாட்களில் மூன்று முறைக்கு மேல் காட்ட ஆப்பிள் அனுமதிப்பதில்லை. அந்த வாய்ப்பைச் செயலி திறந்த உடனேயே வீணாக்காமல், பயனர் ஒரு வேலையை முடித்த நிம்மதியான கணத்தில் கேளுங்கள். பரிசு தருகிறேன் என்று சொல்லி ஐந்து நட்சத்திரம் வாங்குவது இரண்டு கடைகளிலும் விதிமீறல்.

சக உருவாக்குநர்களைச் சந்திப்பதும் நல்லதே. சென்னைப்பை என்ற பைத்தான் நிரல்மொழிக் குழுவும், லினக்ஸ் இயங்குதளப் பயனர் குழுவும் இந்நகரில் நெடுங்காலமாகக் கூட்டங்கள் நடத்தி வந்திருக்கின்றன. நிரலில் சிக்கல் என்றால் அங்கே வழி பிறக்கும். பயனரை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார், உங்கள் செயலியே நிரலர்களுக்கானது என்றால் ஒழிய. குழந்தைகளுக்கு எழுத்து கற்பிக்கும் செயலி என்றால் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் பதிப்பாளரின் அரங்கு ஒன்றில் மூலையில் ஓர் இடம் கேளுங்கள். வியாபாரிகளுக்கானது என்றால் வட்டார வணிகர் சங்கத்தை அணுகுங்கள். கணித்தமிழ் வல்லுநர் முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி 2005-இல், ஆப் ஸ்டோர் பிறப்பதற்கும் முன்பே, கைபேசியில் தமிழ் எழுத வந்தது. அதைத் தமிழில் குறுஞ்செய்தி எழுத ஆசைப்பட்டவர்கள் நாடிச் சென்றார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பணம் பற்றியும் கேட்பீர்கள். ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறு உருவாக்குநர்களிடம் கடை எடுத்துக்கொள்ளும் பங்கு 15 சதவீதம் என்ற ஏற்பாட்டை ஆப்பிளும் கூகுளும் 2021-இல் கொண்டுவந்தன. ஆப்பிளில் இதற்கென விண்ணப்பித்துச் சேர வேண்டும். செய்யாமல் விட்டுவிட்டு 30 சதவீதம் கொடுத்துக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். விலையை முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள், மிகக் குறைவாகவாவது. இலவசமாகப் பழகியவரிடம் பின்னால் காசு கேட்பது சங்கடம், அதைவிட, காசு கொடுத்து வாங்குபவர் எவர் என்று தெரிந்துகொள்வதே முதல் ஆறு மாதத்தின் பெரிய வருமானம்.

சங்கத்துச் செயலாளரையோ நூல் கடைக்காரரையோ பார்க்கப் போகும்போது மடிக்கணினியும் விளக்கப் படங்களும் வேண்டாம். செயலி நிறுவிய பழைய கைபேசி ஒன்று, அச்சிட்ட க்யூஆர் அட்டைகள் கொஞ்சம், அழைத்தால் நீங்களே எடுக்கிற தொலைபேசி எண் ஆகியவை போதும். காலையில் கடை திறந்து பூஜை முடிகிற நேரத்தில் போகாதீர்கள், மாலைக் கூட்டத்திலும் போகாதீர்கள். பகல் மூன்று மணிக்குப் போங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாமல், கைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.